6 லட்சமும் 11 குடிசையும்

கேள்வி: ஐயா, வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாறு பக்கம் எங்கள் ஊர். ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பில் செயலாளராக இருக்கிறேன். எங்கள் குழுக்களில் 11 குடும்பங்கள் இன்னும் குடிசையில்தான் இருக்கின்றன. அதில் 6 பேருக்குத் தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் வீட்டுத் திட்டத்தில் வேலை உத்தரவு வந்துவிட்டது. 3 பேர் நத்தத்தில் இருக்கிறார்கள், பட்டா இல்லை. மீதி 2 பேர் ஏரிக்கரையில். உத்தரவு வந்தவர்களிலும் யாரும் இன்னும் கடைக்கால் எடுக்கவில்லை. பேஸ்மட்டம் முடித்தால்தான் முதல் பில் என்கிறார்கள், அதுவரைக்கும் கட்டக் கையில் காசு இல்லை. மேஸ்திரி ஒரு வீட்டுக்கு 4 லட்சத்து 90 ஆயிரம் சொல்கிறார், பேஸ்மட்டம் வரைக்கும் மட்டும் 80 ஆயிரமாம். இந்த நேரத்தில் டவுனில் உள்ள ஓர் அறக்கட்டளை 6 லட்சம் தர முன்வந்திருக்கிறது. 11 பேருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அறக்கட்டளைக்காரர்களோ, காண்ட்ராக்டர் வைத்து ஒரு வீட்டை முழுசாக நாங்களே கட்டித் தருகிறோம் என்கிறார்கள். வேறு சிலர், குழு பெயரில் வங்கிக் கடன் எடுத்து எல்லாருக்கும் ஒரேயடியாகக் கட்டிவிடலாம் என்கிறார்கள். எதைச் செய்தால் சரியாக இருக்கும்?

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

மூன்றுமே வேண்டாம். அந்த 6 லட்சத்தை யாருக்கும் இனாமாகக் கொடுக்காமல், உத்தரவு கையில் இருக்கிற 6 வீட்டுக்கும் முன்பணமாகக் கொடுத்து, பில் வந்ததும் திருப்பி வாங்கி, அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். சுழல்நிதி என்று உங்கள் கூட்டமைப்பில் ஏற்கெனவே புழங்குகிற சொல்தான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் என்று சொல்கிறார்கள் அல்லவா, அது ஒரே தொகையாக வருவதில்லை. வீட்டுக்கென்று வருவது 3 லட்சத்து 10 ஆயிரம். மீதி 40 ஆயிரம் என்பது கழிப்பறைக்கு 12 ஆயிரமும் நூறு நாள் வேலைக் கணக்கில் 90 நாள் சம்பளமும் சேர்ந்தது. 2024-25இல் தமிழ்நாட்டுக் கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய், அப்படிப் பார்த்தால் 90 நாளுக்கு 28,710 ரூபாய். இது தனித்தனியாக, தனித்தனி நேரத்தில் வரும். 3 லட்சத்து 10 ஆயிரத்திலும் யூனியனில், அதாவது ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இருந்து எடுக்கிற சிமெண்டுக்கும் கம்பிக்கும் உண்டான தொகையைக் கழித்துக்கொண்டுதான் பில் போடுவார்கள். ஆக, பாஸ்புக்கில் ஏறுகிற தொகையை மட்டும் பார்த்தால் எப்போதும் குறைவாகத்தான் தெரியும். "எங்க பில்லை யாரோ சாப்பிட்டுட்டாங்க" என்று கூட்டத்தில் சண்டை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வேலை தொடங்கும் முன்பே ஆறு பேரையும் உட்கார வைத்து ஓவர்சியரை ஒருமுறை விளக்கச் சொல்லிவிடுங்கள். பிறகு உங்கள் தலைவலி பாதி குறையும்.

மேஸ்திரி சொன்ன 4 லட்சத்து 90 ஆயிரத்தில் அரசு தருவது போக 1 லட்சத்து 40 ஆயிரம் துண்டு விழுகிறது. இது ஒரு பிரச்சினை. பேஸ்மட்டம் முடிக்கும் வரை 80 ஆயிரம் வேண்டும் என்பது இன்னொரு பிரச்சினை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறபோதுதான் கடன் தலைக்கு மேல் போகிறது. துண்டு விழுகிற பணம் நிஜமாகவே இல்லாத பணம். அதைச் சம்பாதித்தோ கடன் வாங்கியோதான் கட்ட வேண்டும். பேஸ்மட்டத்துக்கு வேண்டிய பணம் வரப்போகிற பணம், கொஞ்சம் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான். வரப்போகிற பணத்துக்கு வட்டி கட்டுவதைப் போல வயிற்றெரிச்சல் வேறு கிடையாது.

நான் 33 வருடம் வங்கியில் இருந்தவன். அதில் கடைசி 12 வருடம் கிராமக் கிளைகளில், பெரும்பாலும் குழுக் கடன்தான் பார்த்தேன். 2010 வாக்கில், அப்போது மத்திய அரசின் இந்திரா ஆவாஸ் வீட்டுத் திட்டத்தில் சமவெளிக்கு 45 ஆயிரம் ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்த காலம். எங்கள் கிளைக்கு உட்பட்ட ஓர் ஊரில் ஒரு வீடு லிண்டல் மட்டத்தோடு, அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே போடுகிற மட்டத்தோடு நின்றிருந்தது. மேலே கம்பி நீட்டிக்கொண்டு துருப்பிடித்து, மழையில் சுவரெல்லாம் காவி வழிந்திருந்தது. கம்பிக்குக் கம்பி கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். உள்ளே இரண்டு ஆடு. அந்த அம்மா பக்கத்திலேயே பழைய குடிசையில்தான் இருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டேன். ஆரம்பிக்கிறதுக்கு அஞ்சு வட்டிக்கு 40 ஆயிரம் வாங்கியிருக்கிறார். அஞ்சு வட்டி என்றால் உங்களுக்குத் தெரியும், நூற்றுக்கு மாதம் 5 ரூபாய், 40 ஆயிரத்துக்கு மாதம் 2 ஆயிரம். பில் வர ஐந்து மாதம் ஆகிவிட்டது. வட்டி மட்டுமே 10 ஆயிரம். முதல் பில் வந்த அன்றைக்கே வட்டிக்காரர் வாசலில் நின்றிருக்கிறார், கடைக்குப் போக வேண்டிய காசு அவர் பையில் போய்விட்டது. அந்த அம்மாவுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது இனாம் கூட இல்லை. ஐந்து மாதத்துக்கு வட்டி கேட்காத 40 ஆயிரம் கிடைத்திருந்தால் போதும்.

இப்போது உங்கள் 6 லட்சத்துக்கு வருவோம். 11 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 54 ஆயிரத்துச் சொச்சம். பட்டா இல்லாதவர்களிடம் அது வீடாக மாறாது. ஒரு கல்யாணமாகவோ ஆஸ்பத்திரிச் செலவாகவோ மாறும். அதில் அவர்கள் மேல் தப்பில்லை, கையில் காசு இருந்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள். ஒரே வீட்டைக் காண்ட்ராக்டர் கட்டினால், ஊருக்குள் ஒரு வீடு, பத்து மனக்கசப்பு. ஆனால் வீட்டுக்கு 80 ஆயிரம் என்று முன்பணமாகக் கொடுத்தால் 6 வீட்டுக்கும் சேர்த்து 4 லட்சத்து 80 ஆயிரம். மீதி 1 லட்சத்து 20 ஆயிரத்தைத் தொடாமல் வையுங்கள், ஏதாவது ஒரு வீட்டுக்குப் பில் இழுத்தடிக்கும், அப்போது கைகொடுக்கும். ஆறு ஏழு மாதத்தில் ஆறு வீடும் நின்றுவிடும், 6 லட்சமும் அப்படியே கையில் இருக்கும். அடுத்த வருடம் நத்தத்துக்காரர்கள் மூன்று பேருக்கும் பட்டா வந்து உத்தரவும் வந்தால் அதே பணம் அவர்களுக்கு. அப்புறம் ஓட்டு வீடு ஒழுகுகிறவர்களுக்கு.

இதில் அனுபவத்தில் கற்ற ஒரு நுணுக்கம் உண்டு. முன்பணத்தை முதல் பில்லிலேயே திருப்பிக் கேட்காதீர்கள். கேட்டால் லிண்டல் வரைக்கும் கட்டப் பணம் இருக்காது, அவர் மறுபடியும் அஞ்சு வட்டிக்குப் போவார். பேஸ்மட்டப் பில் லிண்டலுக்கு உருளட்டும், லிண்டல் பில் கூரைக்கு உருளட்டும். கடைசிப் பில் வரைக்கும் விட்டுவைப்பதும் கூடாது. கடைசிப் பில் வரும்போது பூச்சு, கதவு, கரண்டு என்று ஆயிரம் செலவு காத்திருக்கும், கூடவே புதுமனை புகுவிழா என்று சொந்தக்காரர்கள் வேறு. அதனால் கூரை போட்டதும் வருகிற பில்லில்தான் வசூலிக்க வேண்டும். தலைக்கு மேல் காங்கிரீட் விழுந்துவிட்டால் மனுஷனுக்கு ஒரு தெம்பு வரும், அப்போது கொடுத்துவிடுவார்.

பணம் அவர்கள் சொந்தக் கணக்குக்கு நேராக வருகிறதே, எப்படி வசூலிப்பது என்று கேட்பீர்கள். சில இடங்களில் பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் குழுத் தலைவி வாங்கி வைத்துக்கொள்கிறார். இதைச் செய்யவே செய்யாதீர்கள். ஒருநாள் ஏதாவது கணக்கு உதைத்தால் நல்லது செய்யப்போன நீங்கள்தான் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பீர்கள். அதற்குப் பதிலாக, முன்பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் கடைக்கும் செங்கல் சூளைக்கும் கூட்டமைப்பே காசோலையாகக் கொடுத்துவிடட்டும். கூலிக்கு மட்டும் கையில் கொடுங்கள். கூட்டமைப்பு அவருடைய குழுவுக்குக் கொடுக்கட்டும், குழு உறுப்பினருக்குக் கொடுக்கட்டும். உங்களுக்கு வருகிற சமுதாய முதலீட்டு நிதியை இப்படித்தானே குழு வழியாகக் கடன் கொடுக்கிறீர்கள், அதே பாதை, அதே ரெஜிஸ்டர். ஒருவர் திருப்பவில்லை என்றால் அவருடைய குழுவுக்கு அடுத்த கடன் நிற்கும் என்பது பதினைந்து பெண்கள் வாரா வாரம் நினைவூட்டுவதற்குச் சமம். வட்டி வேண்டாம், ஒரு வீட்டுக்கு 500 ரூபாய் நிர்வாகச் செலவு என்று வாங்கினால் போதும்.

சரி, துண்டு விழுகிற 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கு என்ன செய்வது?

முதலில் அது ஏன் விழுகிறது என்று பாருங்கள். திட்டத்தில் சொல்லியிருப்பது 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் கூரை, மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். ஆனால் கடைக்கால் எடுக்கிற அன்றைக்கு மச்சான் ஒருவர் வந்து நிற்பார். "கட்டுறதே கட்டுறோம், இன்னும் ரெண்டடி தள்ளிப் போட்டா என்ன?" அந்த இரண்டடிதான் குடும்பத்தை முழுகடிக்கிறது. பேஸ்மட்டத்தில் இரண்டடி கூடினால் சுவரில் கூடும், கூரையில் கூடும், கம்பியில் கூடும், பூச்சில் கூடும். அரசுப் பணம் மட்டும் கூடாது. கூட்டமைப்பின் முன்பணம் வேண்டும் என்றால் 360 சதுர அடிக்கு மேல் போகக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிடுங்கள். பிறகு மகன் சம்பாதித்து மேலே மாடி கட்டிக்கொள்ளட்டும்.

அடுத்தது, ஆறு வீட்டையும் சேர்ந்து தொடங்குங்கள். ஆறு வீட்டுக்கு எம்.சாண்டும் ஜல்லியும் லோடு லோடாக ஒரே இடத்தில் பேசினால் விலை வேறு, ஒருத்தர் போய் அரை லோடு கடனுக்குக் கேட்டால் விலை வேறு. கடைக்காரர் கடனுக்குக் கொடுக்கும்போது வட்டியை மூட்டை விலையிலேயே ஏற்றிவிடுவார், அது கண்ணுக்குத் தெரியாத வட்டி. கூரைக் காங்கிரீட்டைத் தாங்குகிற சென்ட்ரிங் தகடும் முட்டும் ஆறு வீட்டுக்கும் ஆறு தடவை வாடகைக்கு எடுப்பதற்குப் பதில், ஒரே செட்டை மொத்தமாகப் பேசி வீடு வீடாகச் சுற்ற விடுங்கள். அதற்காகக் கூரை போடும் தேதியை முறை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான். சுவருக்கு, லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு என்று ஒரு முறை உண்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவார்கள். கால்வாசிச் செங்கல் மிச்சம், வெயில் காலத்தில் வீடும் கொஞ்சம் குளிர்ச்சி. ஆனால் உங்கள் மேஸ்திரிக்கு அது பழக்கமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். தெரியாத கையில் அது செங்கல்லையும் விரயமாக்கும், சுவரையும் கோணலாக்கும். தெரிந்த கொத்தனார் கிடைத்து ஓவர்சியரும் சம்மதித்தால் செய்யலாம்.

இதெல்லாம் சேர்ந்து 25 ஆயிரம் மிச்சமானால் சந்தோஷம், அதற்கு மேல் கனவு காணாதீர்கள். 55 ஆயிரம் குடும்பம் போட வேண்டும்; சீட்டோ, நகையோ, ஆட்டை விற்றதோ. இதைக் கடைக்கால் எடுக்கும் முன்பே காட்டச் சொல்லுங்கள். சொந்தக் காசு ஒன்றும் போடாமல் தொடங்குகிற வீடு லிண்டலில் நிற்கும், மேலே சொன்ன ஆட்டுக் கொட்டகை மாதிரி. மீதி 60 ஆயிரம் கடன். இதற்குத்தான் வங்கி.

குழுக் கடனில் வீடு கட்டலாமா? கட்டலாம். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் குழுக்களுக்குக் கொடுக்கும் கடனை வீடு கட்டவும் பழுது பார்க்கவும் பயன்படுத்தலாம் என்று ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. 10 லட்சம் வரைக்கும் ஜாமீன் கேட்கக் கூடாது, 3 லட்சம் வரைக்கும் 7 சதவீத வட்டி. ஆனால் கூடவே ஒரு நிபந்தனையும் இருக்கிறது. கடன் 2 லட்சத்தைத் தாண்டினால் குறைந்தது பாதியும், 4 லட்சத்தைத் தாண்டினால் முக்கால் பங்கும் வருமானம் தருகிற தொழிலுக்குப் போக வேண்டும். ஆக ஒரு குழு 6 லட்சம் வாங்கினால் அதில் கால் பங்கு, அதாவது 1 லட்சத்து 50 ஆயிரத்துக்கு மேல் வீட்டுக்குப் போகக் கூடாது. 60 ஆயிரம் வீதம் இரண்டு பேருக்குக் கொடுக்கலாம். உங்கள் ஆறு பேரும் எத்தனை குழுவில் இருக்கிறார்கள்? மூன்று குழுவில் இரண்டிரண்டு பேராக இருந்தால் பிரச்சினையே இல்லை. ஆறு பேரும் ஒரே குழு என்றால் வீடுகளை இரண்டு மூன்று கடன் சுற்றாகப் பிரிக்க வேண்டியிருக்கும். இந்த ஒரு கணக்கைப் பார்த்துவிட்டு வங்கிக்குப் போங்கள்.

அந்த நிபந்தனை சும்மா போட்டதில்லை. நானே ஒரு தடவை அதை மீறிச் செய்தவன். ஒரு குழு, பன்னிரண்டு பேர், நல்ல குழு, கூட்டம் ஒருநாள் தவறியதில்லை. எல்லாரும் கறவை மாடு என்று எழுதிக் கொடுத்தார்கள். எனக்குத் தெரியும், எட்டுப் பேர் வீட்டுக்குத்தான் எடுக்கிறார்கள் என்று. நல்ல காரியம்தானே என்று கையெழுத்துப் போட்டேன். மாடு வாங்கியிருந்தால் பால் காசு வரும், அதில் தவணை போகும். சுவர் பால் கறக்குமா? பத்தாவது மாதத்தில் இருந்து தவணை தட்ட ஆரம்பித்தது. வீடு கட்டாத நாலு பேர், "அவங்க வீட்டுக்கு நாங்க ஏன் கட்டணும்?" என்று கேட்டார்கள், அது நியாயமான கேள்வி. ஒரு வருடத்தில் குழுவே உடைந்துபோயிற்று. அந்தப் பெண்கள் எங்கேயாவது என்னைப் பார்த்தால் இப்போதும் நன்றாகத்தான் பேசுகிறார்கள், எனக்குத்தான் முகம் கொடுக்க முடிவதில்லை.

60 ஆயிரத்துக்கு வருவோம். குழு தன் உறுப்பினரிடம் ஒரு வட்டி, அதாவது வருடத்துக்கு 12 சதவீதம், குறையும் நிலுவைக்கு என்று போட்டால் 36 மாதத்துக்குத் தவணை சுமார் 2,000 ரூபாய் வரும். மொத்த வட்டி 12 ஆயிரத்துக்குள். அதே 12 சதவீதத்தை ஃபிளாட் என்று சொல்லி ஒருவர் வாசலுக்கு வருவார், அதில் தவணை 2,267 ரூபாய், மொத்த வட்டி 21,600. இரண்டும் 12 சதவீதம்தான் என்று அவர் அடித்துச் சொல்வார். கட்டிய அசலுக்கும் சேர்த்துக் கடைசி மாதம் வரை வட்டி வாங்குகிறார் என்பதால் உண்மையில் அது 21 சதவீதத்துக்குப் பக்கம். கூட்டத்தில் இதை ஒருதடவை பலகையில் எழுதிக் காட்டுங்கள். சதவீதத்தைச் சொல்வதை விட, "அதே கடன், இங்கே வட்டி 12 ஆயிரம், அங்கே 21 ஆயிரம்" என்று சொன்னால் உடனே புரியும்.

இனி அறக்கட்டளை. அவர்களிடம் பேசும்போது முதல் கேள்வி, இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் கேட்டே ஆக வேண்டும். வெளிநாட்டுப் பணம் என்றால், 2020இல் எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தியதில் இருந்து அதை வாங்கியவர் இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. உங்கள் கூட்டமைப்புக் கணக்கில் அது ஏறினால் அவர்களுக்கும் வம்பு, உங்களுக்கும் வம்பு. ஏதாவது கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதி என்றால் வேறு சிக்கல். அதை ஒரு திட்டத்துக்குச் செலவழிக்கலாம், ஓர் அமைப்பின் மூலதன நிதியாகப் போட்டு வைப்பதை 2021 ஜனவரியில் இருந்து சமூகப் பொறுப்புச் செலவாக ஏற்றுக்கொள்வதில்லை. உள்ளூர் நன்கொடைதான் என்றால் வழி சுலபம். அப்போதும், கூட்டமைப்புக்கு வருமான வரிச் சட்டப்படி அறப்பணிப் பதிவு இருக்கிறதா என்று அவர்கள் ஆடிட்டர் கேட்பார். இல்லையென்றால் பயப்பட வேண்டாம். பணம் அறக்கட்டளைக் கணக்கிலேயே இருக்கட்டும், கடைக்கு அவர்களே காசோலை கொடுக்கட்டும், யாருக்கு எப்போது என்பதைக் கூட்டமைப்புத் தீர்மானித்து, வசூலையும் பார்த்துக்கொள்ளட்டும். பணம் யார் கணக்கில் இருந்தாலும் வேலை நடக்கும்.

எப்படியானாலும் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். தனி வங்கிக் கணக்கு, மூன்று பேர் கையெழுத்து, வருடா வருடம் தணிக்கை, கூட்டமைப்பு கலைந்தால் பணம் யாருக்குப் போகும் என்பது வரை எல்லாம் அதில் இருக்க வேண்டும். இன்னொன்று, பெயர்ப்பலகை. கொடுப்பவர்களுக்குப் பலகை வேண்டும், அது மனித சுபாவம். ஆனால் ஒரு பெண்ணின் வாசல் நிலைப்படிக்கு மேலே இன்னொருவர் பெயரைக் கல்லில் பதித்துவிட்டால், சாகும் வரைக்கும் அவர் அந்தக் கல்லின் கீழே குனிந்துதான் போக வேண்டும். உங்கள் கூட்டமைப்புக் கட்டடத்தில் பெரிதாக ஒரு பலகை வைத்துக்கொடுங்கள், வீடுகளில் வேண்டாம்.

காண்ட்ராக்டர் யோசனையை அவர்களிடம் பக்குவமாக மறுக்க ஓர் உதாரணம் தருகிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் வீடு கட்டித் தரத் தொண்டு நிறுவனங்களை அரசு அனுமதித்தது. எத்தனையோ அமைப்புகள் வந்து வரிசை வரிசையாக ஒரே அச்சில் கட்டிக் கொடுத்துவிட்டுப் போயின. தரங்கம்பாடியில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு வேறு மாதிரி போயிற்று, குடும்பங்களைக் கேட்டுக்கேட்டு வீட்டை வடிவமைத்தார்கள். அடுப்படி எந்தப் பக்கம், திண்ணை வேண்டுமா, வலையை எங்கே போடுவது என்பதெல்லாம் குடியிருக்கப் போகிறவருக்குத்தான் தெரியும். காண்ட்ராக்டருக்குத் தெரிந்தது சதுர அடி மட்டும். சொந்தமாக மேஸ்திரி வைத்துக் கட்டுகிற பெண், கலவையில் சிமெண்ட் குறைந்தால் அன்றைக்கே சத்தம் போடுவார், சாயங்காலம் சுவருக்குத் தண்ணீர் விடவும் அவர்தான் ஓடுவார். இந்த மேற்பார்வைக்குச் சம்பளம் கிடையாது.

பட்டா இல்லாத ஐந்து பேரைக் கடைசியில் வைத்துவிட்டேன், ஆனால் உங்கள் வேலையில் கஷ்டமானது அதுதான். அறக்கட்டளைப் பணத்தில் ஒரு ரூபாய் கூட அந்த இடங்களில் கட்டடமாகப் போடாதீர்கள். நத்தத்தில் இருக்கும் மூன்று பேருக்கும் நம்பிக்கை உண்டு. நத்தம் என்பதே குடியிருப்புக்கான நிலம். எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்பதற்கு வீட்டு வரி ரசீது, கரண்டு பில், ரேஷன் கார்டு எல்லாம் சேர்த்துத் தாசில்தாருக்கு மனுக் கொடுங்கள். கிராம நிர்வாக அலுவலர் வழியாகத்தான் அறிக்கை போகும், அவரிடம் முதலில் சர்வே எண்ணைச் சரிபாருங்கள். நத்தம் என்று ஊரில் சொல்வதும் பதிவேட்டில் இருப்பதும் சில சமயம் வேறாக இருக்கும். புறம்போக்கில் ஆட்சேபனையற்றது, ஆட்சேபனைக்குரியது என்று இரண்டு உண்டு, எது என்று எழுத்தில் கேளுங்கள். பழைய பி.மெமோ ரசீது யாராவது பெட்டியில் வைத்திருந்தால் குப்பை என்று போட்டுவிடாதீர்கள். ஆக்கிரமிப்புக்குக் கட்டிய அபராதம்தான், ஆனால் அத்தனை வருடமாக அங்கே குடியிருந்ததற்கு அதைவிடச் சாட்சி கிடையாது. பட்டா பெண்ணின் பெயரில் வரும்படி கேளுங்கள்.

ஏரிக்கரையில் இருக்கும் இரண்டு பேருக்கு அந்த இடத்தில் பட்டா வராது. நீர்நிலைப் புறம்போக்கில் கொடுக்கக் கூடாது என்பதில் நீதிமன்றங்கள் கண்டிப்பாக இருக்கின்றன. வாங்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு வேறு இடம்தான் வழி. மாற்று இடத்தில் இலவச மனைப்பட்டா கேட்டு மனுப் போடுங்கள், கிராமத்தில் 3 சென்ட் வரை கொடுப்பார்கள். அது இழுத்தால், நிலம் வாங்குவதையும் யோசிக்கலாம். நாகப்பட்டினம் பக்கம் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் 1981இல் தொடங்கிய லாஃப்டி இயக்கம் இதைத்தான் செய்தது. நிலக்காரர்களோடு உட்கார்ந்து விலை பேசி, கடனும் நன்கொடையும் திரட்டி, நிலமில்லாத பெண்களின் பெயரிலேயே எழுதி வைத்தார்கள். அது சாகுபடி நிலம், உங்களுக்கு வேண்டியதோ இரண்டு மனை. ஊரில் ஒருவர் ஆறு சென்ட் விற்க மாட்டாரா? அறக்கட்டளை உண்மையிலேயே இனாமாக ஏதாவது செய்ய ஆசைப்பட்டால் இந்த ஆறு சென்டைக் கேளுங்கள். வீட்டுக்கு அரசு திட்டம் இருக்கிறது. மனை வாங்கிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

நாள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கடைக்கால் எடுத்தால் குழியில் தண்ணீர் நிற்கும். மார்கழியில் யாரும் தொடங்க மாட்டார்கள். தை முதல் வாரத்தில் மனை பூஜை போட்டால் மாசிக்குள் பேஸ்மட்டம், பங்குனியில் லிண்டல், சித்திரை வைகாசியில் கூரை. ஆடிக்குள் முன்பணம் திரும்பிவிட வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேலை உத்தரவில் முடிக்க வேண்டிய தேதி ஏதாவது போட்டிருந்தால் அதை முதலில் பாருங்கள், அது தைக்கு முன்பே முடிகிறது என்றால் காத்திருக்காமல் யூனியன் ஆபீசில் கால அவகாசம் கேட்டு எழுதிக் கொடுத்து, முத்திரை வைத்த நகல் வாங்கி வையுங்கள். நத்தம் மனு மூன்றையும் இந்த வாரமே கொடுத்துவிடலாம், அதற்குத் தை வர வேண்டியதில்லை.